குற்றவியல் நீதிப் பட்டம்: வேலையை விடாமல், பாதி வளாகத்திலும் பாதி இணையவழியிலும் படிக்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் குற்றவியல் நீதி என்ற பெயரில் வழங்கப்படும் இளங்கலைப் பட்டத்தை, வேலை பார்த்துக்கொண்டே பகுதி இணையவழியில் முடிக்க எண்ணும் தமிழர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கல்லூரி விளம்பரங்கள் பெரும்பாலும் நேர வசதியைப் பற்றியே பேசுகின்றன. நேரம் எவ்வளவு முக்கியமோ அதைவிடப் பெரிய கேள்விகள் சில உண்டு. பணம் கட்டிய பிறகு அவற்றைக் கேட்டுப் பயனில்லை என்பதால் அவற்றுக்கே இங்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

இந்தப் படிப்பில் உண்மையில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

காவல்துறை, நீதிமன்றம், சிறையும் சீர்திருத்தமும் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்து இயங்குகின்றன என்பதே இதன் மையம். கைது செய்யப்பட்ட ஒருவர் பிணை, குற்றச்சாட்டு, விசாரணை, தண்டனை, நன்னடத்தைக் கண்காணிப்பு (சிறைக்கு அனுப்பாமல் வெளியே வைத்து மேற்பார்வையிடுவது), பரோல் என எந்தெந்தக் கட்டங்களைக் கடக்கிறார், ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுப்பவர் யார், அந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்பதைப் படிப்படியாகக் கற்பிக்கிறார்கள். குற்றவியல் கோட்பாடுகள், குற்றச் சட்டம், நடைமுறைச் சட்டம், சிறார் நீதி, தொழில் அறம், ஆய்வு முறை, புள்ளியியல் ஆகியவை ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடங்கள்.

புள்ளியியலைக் கண்டு பலர் தயங்குகிறார்கள். எனக்கோ இந்தப் படிப்பின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான் என்று தோன்றுகிறது. எஃப்.பி.ஐ. 1930 முதல் குற்ற எண்ணிக்கையைத் திரட்டி வருகிறது. 2021 தொடக்கத்தில் அது பழைய தொகுப்பு முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பதியும் முறைக்கு முழுமையாக மாறியது. அந்த மாற்றத்துக்கு எல்லாக் காவல் துறைகளும் உடனே தயாராகாததால், அந்த ஆண்டின் தேசியக் கணக்கில் பெரிய நகரங்கள் சிலவற்றின் தரவே இல்லாமல் போயிற்று. குற்றம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் கேட்கும்போது அந்த எண் எங்கிருந்து வந்தது, அதில் யாருடைய கணக்கு விடுபட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிவதே இந்தத் துறையில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு.

பகுதி இணையவழி என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்?

கல்லூரிகள் ஒரே பெயரில் மூன்று வேறு ஏற்பாடுகளை விற்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சில கல்லூரிகளில் ஒரே பாடத்தின் ஒரு பகுதி வகுப்பறையிலும் மறு பகுதி இணையத்திலும் நடக்கும். சிலவற்றில் சில பாடங்கள் முழுக்க வளாகத்திலும் மற்றவை முழுக்க இணையத்திலும் இருக்கும். இன்னும் சிலவற்றில் வகுப்பறையில் நடக்கும் பாடத்தை வீட்டிலிருந்தபடி நேரலையில் பார்க்கலாம். கடைசி வகை, இரவு ஷிஃப்ட் மாறி மாறி வருபவருக்கு உதவாது, ஏனென்றால் நேரலைக்குக் குறித்த நேரத்தில் அவர் பணியில் இருக்கக்கூடும். எனவே இணையப் பகுதி நேரலையா அல்லது விரும்பிய நேரத்தில் பார்க்கக்கூடியதா என்பதைப் பாடவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விரும்பிய நேரத்தில் படிக்கும் பாடங்களுக்கும் கெடு உண்டு. வழக்கமான ஒரு வாரத்தில் திங்களன்று பாடப்பகுதி திறக்கும். புதன் அல்லது வியாழன் நள்ளிரவுக்குள் விவாதப் பலகையில் உங்கள் பதிவை இட வேண்டும். ஞாயிறு நள்ளிரவுக்குள் சக மாணவர் இருவருக்குப் பதில் எழுத வேண்டும். இடையில் ஒரு வினாடிவினாவோ அசைன்மென்டோ இருக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை வியாழன் மாலை தொடங்கும் சிறைக் காவலர் ஒருவர், அந்தப் பதிவைப் புதன்கிழமையே எழுதி வைக்கப் பழகவில்லையென்றால் இரண்டாவது வாரமே மதிப்பெண்ணை இழக்கத் தொடங்கிவிடுவார்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? எத்தனை ஆண்டுகள் ஆகும்?

இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகளும், இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு 60 கிரெடிட்டுகளும் தேவை. ஒரு கிரெடிட் என்பது சுமார் பதினைந்து வார செமஸ்டரில் வாரம் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் கொண்டது. அந்தக் கணக்கில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் ஒன்பது மணி நேரமும், இரண்டு பாடங்களுக்குப் பதினெட்டு மணி நேரமும் வேண்டும். கோடைப் பருவத்தையும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று பருவங்களில் இரண்டிரண்டு பாடங்கள் எடுத்தால் ஆண்டுக்கு 18 கிரெடிட் சேரும். முதலிலிருந்து தொடங்குபவருக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். 60 கிரெடிட்டோடு உள்ளே வருபவர் மூன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடலாம்.

எட்டு வாரப் பாடங்கள் விரைவாக முடியும் என்பது உண்மையே, ஆனால் அதே உழைப்பைப் பாதி நாட்களுக்குள் அடைப்பதால் ஒரே பாடத்துக்கு வாரம் பதினேழு மணி நேரம் வரை போகும். முழுநேர வேலையில் இருப்பவர் எட்டு வாரப் பாடங்களை ஒரே சமயத்தில் இரண்டு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையத்தில் படித்தால் எழுத்து வேலை குறையுமா?

குறையாது, அதிகமாகும். வகுப்பில் பேசித் தீர்க்கும் விஷயத்தையும் இங்கே எழுதித்தான் காட்ட வேண்டும். நடைமுறைச் சட்டப் பாடத்தில் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கி எழுதும் பயிற்சி வரும். டெர்ரி எதிர் ஒஹையோ என்ற 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 அக்டோபர் 31 அன்று கிளீவ்லாந்து நகரத்தில், மெக்ஃபாடன் என்ற துப்பறிவாளர், இருவர் மாறி மாறி ஒரு கடையின் கண்ணாடிக்கு முன் நடந்து உள்ளே எட்டிப் பார்ப்பதை ஏறக்குறைய ஒரு டஜன் முறை கவனித்தார். கொள்ளைக்கு நோட்டமிடுகிறார்கள் என்று சந்தேகித்து அருகில் சென்று, அவர்களில் ஒருவரான டெர்ரியின் மேல்கோட்டை வெளிப்புறமாகத் தடவிப் பார்த்தபோது கைத்துப்பாக்கி தட்டுப்பட்டது. கைது செய்யப் போதுமான காரணம் இல்லாத நிலையில், நியாயமான சந்தேகத்தின் பேரில் மட்டும் ஒருவரை நிறுத்தி ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்பதே கேள்வி. எட்டு நீதிபதிகள் ஆம் என்றார்கள். டக்ளஸ் என்ற ஒரே நீதிபதி மறுத்தார்.

இதை நிகழ்வு, சட்டக் கேள்வி, தீர்ப்பு, காரணம், மாறுபட்ட கருத்து என்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும். காவல் பணியில் இருப்பவர்கள் இந்த இடத்தில் தம் அனுபவத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்; பேராசிரியர் கேட்பது நீதிமன்றத்தின் காரணங்களை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நீங்கள் பணியாற்றும் இடத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி விவாதப் பலகையில் ஒருபோதும் எழுதாதீர்கள். பெயரை மாற்றினாலும் ஊரும் நாளும் காட்டிக்கொடுத்துவிடும். சம்பந்தப்பட்டவருக்கும் உங்கள் வேலைக்கும் அதனால் கேடு வரலாம்.

கல்லூரியின் அங்கீகாரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

இந்தத் துறையில் அங்கீகாரம் பார்க்காமல் சேர்ந்து வாழ்க்கையையே தொலைத்தவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பதால்தான். கொலராடோவைத் தலைமையிடமாகக் கொண்ட வெஸ்ட்வுட் கல்லூரி, சிகாகோ பகுதியில் குற்றவியல் நீதிப் பட்டத்தைப் பெரிய அளவில் விற்றது. அங்கே படித்தால் இலினாய் மாநிலக் காவல்துறை போன்றவற்றில் வேலை கிடைக்கும் என்று மாணவர்களை நம்பவைத்ததாகவும், அந்தக் கல்லூரிக்கு வட்டார அங்கீகாரம், அதாவது நாட்டின் அந்தந்தப் பகுதிக் கல்லூரிகளின் தரத்தைச் சோதிக்கும் அமைப்பின் ஒப்புதல், இல்லாததால் அப்படிப்பட்ட துறைகள் அதன் பட்டத்தை ஏற்கவில்லை என்றும் கூறி, இலினாயின் தலைமைச் சட்ட அலுவலரான அட்டர்னி ஜெனரல் லிசா மேடிகன் 2012இல் வழக்குத் தொடுத்தார். 2015இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கல்லூரி 1.5 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது, 2016இல் மூடப்பட்டது. கூட்டாட்சிக் கல்விக் கடன் வாங்கி அங்கே படித்த சுமார் 79,000 பேரின் கடன், ஏறக்குறைய 150 கோடி டாலர், 2022இல்தான் ரத்தானது. கடன் ரத்தானாலும் அந்த மாணவர்கள் செலவழித்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

வட்டார அங்கீகாரம், தேசிய அங்கீகாரம் என்ற பிரிவினையை அமெரிக்க அரசின் கல்வித் துறை 2020 ஜூலையிலிருந்து அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டது. ஆயினும் கிரெடிட்டை ஏற்கும் கல்லூரிகளும் வேலை தரும் துறைகளும் பழைய பழக்கப்படியே பார்க்கின்றன. ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ் கமிஷன் போன்ற, முன்பு வட்டார அமைப்புகள் எனப்பட்டவற்றின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருப்பதே பாதுகாப்பு. கல்லூரியின் பக்கத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். அதோடு நிற்காமல், நீங்கள் சேர விரும்பும் காவல்துறையின் அல்லது நன்னடத்தைத் துறையின் பணியமர்த்தும் பிரிவுக்கு எழுதி, இந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்பீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை முதலில் தீர்மானித்து, அந்த வேலை எதைக் கேட்கிறது என்று பார்த்து, அதன் பிறகு கல்லூரியைத் தேட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இந்தப் பட்டம் இருந்தால் காவல்துறை வேலை கிடைத்துவிடுமா?

பட்டம் மட்டும் போதாது. பல இடங்களில் பட்டம் தேவையே இல்லை. பெரும்பாலான உள்ளூர்க் காவல்துறைகள் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு விண்ணப்பிக்க அனுமதிக்கின்றன. மின்னசோட்டா மாநிலம் இரண்டாண்டுப் பட்டத்தையாவது எதிர்பார்க்கிறது. நியூயார்க் நகரக் காவல்துறை 60 கல்லூரிக் கிரெடிட்டுகள் கேட்டு வந்தது. 2025இல் அதை 24ஆகக் குறைத்துவிட்டது. இளங்கலைப் பட்டம் உண்மையில் கதவைத் திறப்பது வேறு இடங்களில்: கூட்டாட்சி நீதிமன்றங்களின் நன்னடத்தை அலுவலர் பணிக்கு அது கட்டாயம், பல மாநிலங்களின் நன்னடத்தை அலுவலர் பணிக்கும் அப்படியே. எஃப்.பி.ஐ. சிறப்பு முகவர் பணிக்கு இளங்கலைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு முழுநேரப் பணி அனுபவமும் வேண்டும். அது குற்றவியல் நீதிப் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கியலோ கணினி அறிவியலோ படித்தவர்களையும் அவர்கள் விரும்பி எடுக்கிறார்கள். வயது வரம்பையும் மறக்கக் கூடாது. எஃப்.பி.ஐ. முகவராகவும் கூட்டாட்சி நன்னடத்தை அலுவலராகவும் பொதுவாக 37 வயதுக்கு முன் நியமனம் பெற்றாக வேண்டும்; ஏழு ஆண்டுப் பகுதிநேரப் படிப்பைத் தொடங்கும் 32 வயதுக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே சேர வேண்டும்.

ஏற்கெனவே பணியில் இருப்பவருக்குப் பதவி உயர்விலும் ஊதியப் படியிலும் பட்டம் உதவுமா என்பது துறைக்குத் துறை மாறும். தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை செய்ய இது உதவுமா?

பொதுவாக உதவாது. ஆய்வகப் பணிக்கு வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டமோ, ஆய்வகப் பயிற்சியுடன் கூடிய தடய அறிவியல் பட்டமோ வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு இந்தப் பட்டத்தில் சேரும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களின் பெற்றோராவது இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் படிக்கலாமா, வேலை பெறலாமா?

படிக்கத் தடையில்லை. வேலையில்தான் சிக்கல். கூட்டாட்சிச் சட்ட அமலாக்கப் பணிகள் ஏறக்குறைய எல்லாமே குடிமக்களுக்கு மட்டுமே. மாநிலங்களில் நிலைமை மாறி வருகிறது: கலிபோர்னியா 2023 முதலும் இலினாய் 2024 முதலும் சட்டப்படி வேலை செய்யும் உரிமை உள்ள குடிமக்கள் அல்லாதோரும் காவல் பணிக்கு விண்ணப்பிக்க வழி செய்துள்ளன. பல மாநிலங்கள் இன்னும் குடியுரிமையையே கேட்கின்றன. கிரீன் கார்டு கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள், பட்டம் முடியும் ஆண்டையும் குடியுரிமை கிடைக்கக்கூடிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டோர் உதவி மையங்கள், மறுவாழ்வு அமைப்புகள், குற்றத் தரவு ஆய்வு, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவுகள் ஆகியவற்றில் குடியுரிமைக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் பகுதி இணையவழியில் சேரலாமா?

மிகுந்த கவனத்தோடு சேரலாம். எஃப்-1 மாணவரின் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு இணையவழிப் பாடம், அதாவது மூன்று கிரெடிட் வரை மட்டுமே சேரும். இளங்கலை மாணவர் முழுநேரத் தகுதிக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டியிருப்பதால், மீதி ஒன்பதும் நேரில் வகுப்புக்குச் சென்று படிக்கும் பாடங்களாக இருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி என்றால் அது இணையவழிப் பாடமாக இருக்கக் கூடாது. பாதி நேரிலும் பாதி இணையத்திலும் நடக்கும் எந்தக் கலப்புப் பாடம் நேரடிப் பாடமாகக் கருதப்படும் என்பதைக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். பிறகு தெரிந்தால் விசா நிலையே பறிபோகும். எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர்கள் பகுதிநேரமாகவும் படிக்கலாம், முழுக்க இணையவழியிலும் படிக்கலாம்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் கூட்டாட்சி மாணவர் உதவி விண்ணப்பத்தை நிரப்பலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான, திருப்பித் தர வேண்டாத பெல் உதவித்தொகை 2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். பகுதிநேர மாணவருக்கு அவர் எடுக்கும் பாடங்களுக்கேற்பக் குறையும். கூட்டாட்சிக் கல்விக் கடன் பெறப் பாதி நேரமாவது, அதாவது இளங்கலையில் பருவத்துக்கு 6 கிரெடிட்டாவது படிக்க வேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாக்களில் உள்ளவர்களுக்கு இந்த உதவிகள் இல்லை.

வேலை தருபவர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கல்விச் செலவாகத் தந்தால் அதற்கு உங்களிடம் கூட்டாட்சி வருமான வரி பிடிக்க மாட்டார்கள். காவலர்களின் படிப்புக்கு அரசு பணம் தருவதும் புதிதல்ல: 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கிய உதவித் திட்டம் பணியிலிருந்த காவலர்களைப் பெருமளவில் கல்லூரிகளுக்கு அனுப்பியது, நாடெங்கும் கல்லூரிகளில் குற்றவியல் நீதித் துறைகள் பெருகியதற்கும் அதுவே ஒரு முதன்மைக் காரணம்.

முன்னாள் படைவீரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய படைவீரர் கல்விச் சலுகையில், முழுக்க இணையவழியில் படிப்பவருக்கு வீட்டு வாடகைப் படி தேசிய சராசரியில் பாதி மட்டுமே கணக்கிடப்படுகிறது. ஒரு பாடத்தையாவது வளாகத்தில் நேரில் எடுத்தால், வளாகம் உள்ள ஊரின் வாடகையை வைத்துக் கணக்கிடுவார்கள். பகுதி இணையவழி முறை முழு இணையவழியைவிட இவர்களுக்கு லாபமாக இருப்பது இதனால்தான்.

பழைய படிப்பும் பயிற்சியும் கணக்கில் சேருமா?

சமுதாயக் கல்லூரியில் எடுத்த கிரெடிட்டுகள், படைத்துறைப் பயிற்சி, சில இடங்களில் காவல் பயிற்சி நிலையத்தில் முடித்த பயிற்சி ஆகியவற்றுக்குக் கிரெடிட் தருவார்கள். இந்தியப் பட்டம் வைத்திருப்பவர் அதைச் சான்று மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகப் பாடவாரியாக மதிப்பிட்டுத் தர வேண்டியிருக்கும். ஏற்கெனவே இளங்கலை முடித்தவர் இரண்டாவது இளங்கலையில் ஆண்டுகளைச் செலவழிப்பதைவிட, முப்பது கிரெடிட்டையொட்டிய முதுகலைப் பட்டம் தமக்குப் பொருந்துமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

கள அனுபவப் பயிற்சி எப்படி நடக்கும்?

நேரில்தான் நடக்கும், இதற்கு இணையவழி மாற்று இருந்தாலும் அதை நாடாதீர்கள். நீதிமன்ற அலுவலகத்திலோ, நன்னடத்தைத் துறையிலோ, பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவிலோ ஒரு பருவம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தமக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரியும். பின்புலச் சோதனைக்குச் சில துறைகள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வதால், இடத்தை ஒரு பருவம் முன்பே பிடித்து வைக்க வேண்டும்.

குற்றப் பதிவு உள்ளவர் இதைப் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஆயுதம் தாங்கும் காவல் பணிக்குப் போக முடியாது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் மறுவாழ்வு ஆலோசகராக, சமூக அமைப்புகளில் வழிகாட்டியாக, ஆய்வாளராகப் பணியாற்றலாம், சிறையை உள்ளிருந்து பார்த்தவரின் அறிவு அங்கே மதிக்கப்படுகிறது. 1994இல் சிறைவாசிகளுக்கு மறுக்கப்பட்ட பெல் உதவித்தொகை, 2023 ஜூலை 1 முதல் அங்கீகரிக்கப்பட்ட சிறைக் கல்வித் திட்டங்களில் சேர்பவர்களுக்கு மீண்டும் கிடைக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மூடிக் கிடந்த கதவு அது. திறந்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

இந்தியா திரும்பினால் இந்தப் பட்டம் பயன்படுமா?

அரசுப் பணிக்கு வெளிநாட்டுப் பட்டத்தின் இணைமதிப்புச் சான்று கேட்பார்கள். இணையவழியில் படித்த பகுதி அதற்குத் தடையாகுமா என்று சேரும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். பாடத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க நடைமுறைச் சட்டம் அங்கே நேரடியாக உதவாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருப்பதால் இந்தியச் சட்டத்தைப் புதிதாகப் படித்தே ஆக வேண்டும். குற்றவியல் கோட்பாடு, ஆய்வு முறை, தரவுப் பகுப்பாய்வு ஆகியவை எங்கும் செல்லும்.

படிப்பை நடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது?

பணி மாற்றம், வீட்டில் நோய், குழந்தைப் பேறு என எதுவும் நேரலாம். சும்மா வராமல் இருந்துவிடாதீர்கள். தோல்வி மதிப்பெண் பதிவாகிவிடும். பருவத் தொடக்கத்தில் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பாடத்தை விடுவதற்கு ஒரு நாளும், மதிப்பெண்ணைப் பாதிக்காமல் விலகுவதற்கு வேறொரு நாளும் கல்லூரி நாட்காட்டியில் குறித்திருக்கும். இரண்டையும் முதல் வாரமே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி உதவி பெறுபவர், பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், பெற்ற தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். பதினைந்து வாரப் பருவத்தில் அது ஒன்பதாவது வாரம் முடியும் தறுவாய். எட்டாவது வாரத்தில் விலகலாமா என்று யோசிப்பவர், பேராசிரியரிடமும் நிதி உதவி அலுவலகத்திடமும் ஒரே நாளில் பேசிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று பார்த்து முடிவெடுக்கலாம். வேலை ஏறக்குறைய முடிந்து கடைசிப் பகுதி மட்டும் நிற்கும் நிலையில், முற்றுப்பெறாத பாடமாகப் பதிந்து அடுத்த பருவத்தில் முடித்துத் தரும் வசதி பல கல்லூரிகளில் உண்டு. அதை நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.